விளக்கில்லாத அண்டை வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசைக்கும் நாடகத்திற்கும் நடுவே அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். "இலக்கியம் பேச நம்மிடையே பலர் இருக்கின்றார்கள், தாங்கள் வானத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றும் சொன்னார்கள். வானமோ பெரிது, அரைமணியோ சிறிது. ஆதலால் வானம் முழுவதையும் விட்டுவிட்டு, நம் ஞாயிற்றுக்கு அண்டையில் குடியிருக்கும் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் சொல்லத் துணிந்தேன்.

அண்டை வீட்டாரைப் பற்றி நமக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு ஆயிரம் மைல் கடந்து இந்தக் குடியிருப்புக்கு வந்து இறங்கிய அன்று நாம் ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வி, "பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்பதே. வானநூலாரும் அதே கேள்வியைத்தான் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். நம் ஞாயிற்றுக்கு மிக அருகில் இருப்பவர் யார், அடுத்தவர் யார் என்னும் பட்டியல் 1916ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ முடிந்துவிட்டதென்றே பலர் கருதியிருந்தனர். ஆனால் அப்பட்டியலின் மூன்றாம் இடமும் நான்காம் இடமும் 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் மாறிவிட்டன. நான்காம் இடத்திற்கு வந்தவரைப் பற்றியதே இவ்வுரை.

முதலில் தொலைவைச் சொல்லிவிடுகிறேன். ஒளி ஒரு நொடியில் சுமார் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கின்றது. ஞாயிற்றிலிருந்து புறப்படும் ஒளி நம் முற்றத்தில் வந்து விழ 8 நிமிடத்திற்குச் சற்று மேலாகும். அதே ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவை ஒளியாண்டு என்பர், ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். இந்த அளவுகோலால் அளந்தால், நமக்கு முதல் வீடு ஆல்பா சென்டாரி என்னும் மூவர் குடும்பம். அவர்களுள் மிக அருகில் இருக்கும் பிராக்சிமா 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இரண்டாம் வீடு பர்னார்டு விண்மீன், சுமார் 6 ஒளியாண்டு. அது விரைந்து நகர்வதை 1916இல் அமெரிக்க வானநூலாரான எட்வர்டு எமர்சன் பர்னார்டு கண்டறிந்தார். மூன்றாம் வீடு 6.5 ஒளியாண்டுத் தொலைவில். அதில் இருவர் இணைந்து வாழ்கின்றனர். நான்காம் வீடு 7.4 ஒளியாண்டுத் தொலைவில்.

வானத்து விண்மீன்களுள் மிக ஒளி பொருந்திய சிரியசு 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றது. நம் பாட்டனாரின் பாட்டனாரும் அதைக் கண்டிருக்கின்றார். அதைவிட ஓர் ஒளியாண்டுக்கு மேல் அருகில் இருப்பவரை 2014ஆம் ஆண்டு வரை மனிதகுலத்தில் ஒருவரும் அறிந்திலர். காரணம், அவ்வீட்டில் விளக்கில்லை.

விளக்கில்லை என்றால் அணைந்துவிட்டது என்று பொருளன்று. அது ஒருபோதும் ஏற்றப்படவே இல்லை. எங்ஙனம் என்று சொல்கிறேன்.

விண்மீன் பிறப்பது வாயுத் திரளிலிருந்து. திரளானது தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்குகின்றது. சுருங்கச் சுருங்க நடுவே வெப்பம் ஏறுகின்றது. உட்கரு ஏறத்தாழ 30 இலட்சம் டிகிரியை எட்டுங்கால் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஹீலியமாக மாறத் தொடங்குகின்றன. அதுவே அடுப்பு மூளும் கணம். அதன் பிறகு பல நூறு கோடி ஆண்டுகளுக்கு அவ்வடுப்பு அணையாது. நம் ஞாயிறு அத்தகையது.

ஆனால் திரண்ட வாயு போதாமல் போனால் என்ன ஆகும்? ஞாயிற்றின் நிறையில் நூற்றில் ஏழு அல்லது எட்டுப் பங்கு, அதாவது வியாழன் கோளைப் போல் சுமார் 75 மடங்கு சேர்ந்தால்தான் அடுப்பு மூளும். அதற்குக் குறைந்தால், வெப்பம் போதிய அளவு ஏறுவதற்கு முன்பே சுருக்கம் நின்றுவிடுகின்றது. வெம்மை உண்டு, எரிபொருளும் உண்டு, தீ மட்டும் பற்றவில்லை. அத்தகைய பொருளுக்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயர். பிறக்கும்பொழுது சுருங்கியதால் பெற்ற வெப்பத்தை மட்டும் கைமுதலாகக் கொண்டு, அதைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டு, வரவே இல்லாமல் வாழ்வது அது.

நம் குடியிருப்பில் உருக்காலையை அறியாத இல்லம் இல்லை. ரோலிங் மில்லுக்குப் போகும் உருக்குப் பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உலையிலிருந்து வெளிவரும்பொழுது 1,200 டிகிரி அளவில் மஞ்சளாக ஒளிர்கின்றது. நேரம் செல்லச் செல்ல ஆரஞ்சு, பிறகு சிவப்பு, பிறகு மங்கிய செம்மை. சுமார் 500 டிகிரிக்குக் கீழே வந்ததும் கண்ணுக்குக் கறுத்த இரும்பாகவே தோன்றும். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு மேற்பார்வையாளர் முதலில் சொல்லும் எச்சரிக்கை, கறுத்த பாளத்தை நம்பாதே என்பதன்றோ? ஒளி போனாலும் வெப்பம் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அது வெளிவந்துகொண்டே இருக்கின்றது. புறங்கையை அருகில் கொண்டு சென்றால் உணரலாம். பழுப்புக் குறுமீன் என்பது வானத்தில் விடப்பட்ட அத்தகைய பாளம். பாளம் சில மணி நேரத்தில் ஆறும். இது ஆறுவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஒளியில் பழுப்பு என்றொரு தனி நிறம் இல்லை. மங்கிய ஆரஞ்சையே நம் கண் பழுப்பு என்று காண்கின்றது. இப்பொருள்களை நேரில் சென்று கண்டால் அவை பழுப்பாகவும் தோன்றமாட்டா. 1975ஆம் ஆண்டில் ஜில் டார்ட்டர் என்னும் அமெரிக்க அம்மையார், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும் என்று இப்பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது; நாமும் அதையே வழங்குவோம்.

சுருக்கம் ஏன் நின்றுவிடுகின்றது என்று சற்று முன் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். அதற்கு விடை தேடினால் ஒரு தமிழர் வீட்டுக்குள் நுழைய நேரிடுகின்றது. அதுவும் நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் இருந்த தமிழர் வீடு. 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், லாகூர் நகரில், இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றிய சுப்பிரமணிய ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் ஒரு மகன் பிறந்தான். அந்த அம்மையார் இப்சன் என்னும் நார்வே நாடகாசிரியரின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தந்தையாரின் வேலை மாறுதலால் குடும்பம் லட்சுமணபுரிக்கும் பிறகு சென்னைக்கும் வந்தது. மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் தமது 19ஆம் வயதில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். அக்கப்பலில் அமர்ந்து அவர் போட்ட கணக்கு, எரிந்து முடிந்த விண்மீன்களாகிய வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை யாவரும் அறிவோம்.

அக்கணக்கின் அடிப்படை என்ன? இந்த மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். இருக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமரலாம். முன் வரிசை நிரம்பிய பின் வருபவர் பின் வரிசைக்குத்தான் போக வேண்டும். வாயிலில் நின்று எவ்வளவு நெருக்கித் தள்ளினாலும் ஓர் இருக்கையில் இருவரை அமர்த்த முடியாது. எலெக்ட்ரான்களும் அப்படியே. மிக நெருக்கிச் சுருக்கினால், தாழ்ந்த நிலைகள் எல்லாம் நிரம்பி, மேலும் சுருங்க இடங்கொடாமல் எதிர்த்து நிற்கும். இந்த எதிர்ப்பு வெப்பத்தால் வருவதன்று; ஆகையால் பொருள் குளிர்ந்தாலும் குறையாது. 1926இல் பௌலர் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் வெண்குறுமீன்களைத் தாங்கி நிற்பது இதுவே என்றார். சந்திரசேகர் அதை வளர்த்து எல்லை கண்டார். வெண்குறுமீனில் இறந்த விண்மீனைத் தாங்கும் அதே எதிர்ப்புத்தான், பழுப்புக் குறுமீனில் விண்மீன் பிறவாமல் தடுக்கின்றது. இதில் வியப்பான ஒன்று, வியாழனைப்போல் 5 மடங்கு நிறையுள்ளதும் 50 மடங்கு நிறையுள்ளதும் பருமனில் ஏறத்தாழ வியாழன் அளவாகவே இருக்கும்.

இவ்வாறு தீப்பற்றாத விண்மீன்கள் இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டியவரும் இந்தியாவில் பிறந்தவரே. அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார், 1963ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஞாயிற்றின் நிறையில் நூற்றில் ஏழு பங்குக்குக் கீழே ஹைட்ரஜன் எரியாது என்று கணித்தார். சந்திரசேகரின் பெயர் தெரிந்த அளவிற்கு இவர் பெயர் நம் நாட்டில் தெரியவில்லை. இது நியாயமன்று என்பது என் கருத்து. இருக்கும் பொருளைக் கண்டு விளக்குவது ஒரு திறம். இருப்பதாக ஒருவரும் கண்டிராத பொருளுக்கு எடைக்கணக்குச் சொல்லுவது அதற்குக் குறைந்த திறமன்று.

கணக்கு வந்து 32 ஆண்டுகள் பொருள் வரவில்லை. 1995ஆம் ஆண்டில்தான் இரண்டு சான்றுகள் ஒருங்கே வந்தன. ஒன்று, கார்த்திகை என்று நாம் வணங்கும் மீன்கூட்டத்திலேயே ஸ்பெயின் நாட்டு வானநூலார் கண்ட டெய்டே 1. மற்றொன்று, சுமார் 19 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு சிவந்த விண்மீனைச் சுற்றி வருவதாக அமெரிக்காவின் பாலோமர் மலையிலிருந்து கண்டறியப்பட்ட கிளீசு 229 பி. இரண்டாவதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபொழுது அதில் மீத்தேன் வாயு இருந்தது. விண்மீனின் வெம்மையில் மீத்தேன் நில்லாது. ஆகவே வாதத்திற்கு இடமில்லாமற்போயிற்று.

இனி, நான்காம் வீட்டாரைக் கண்ட கதைக்கு வருவோம்.

ஆறிய பாளத்தை இருட்டில் தேட வேண்டுமானால் கண் உதவாது. வெப்பத்தை உணரும் கருவி வேண்டும். பூமியிலிருந்து அதைச் செய்வது கடினம். நம் காற்று, நம் நிலம், தொலைநோக்கியின் குழல் யாவும் வெப்பக் கதிரை வீசுகின்றன. உலைவாயிலில் நின்றுகொண்டு தொலைவிலுள்ள அகல்விளக்கின் சூட்டை உணர முயல்வது போன்றது அது. ஆதலால் 2009 டிசம்பரில் வைஸ் என்னும் செயற்கைத் துணைக்கோளை அமெரிக்கர் விண்ணில் ஏற்றினர். அதன் தொலைநோக்கியின் ஆடி 40 சென்டிமீட்டர்தான்; நம் வீட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிதன்று. உறைந்த ஹைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில் வானம் முழுவதையும் அது படம் பிடித்தது. ஹைட்ரஜன் தீர்ந்தது. 2011 பிப்ரவரியில் கருவியை உறங்க வைத்தனர். பணி முடிந்ததென்று பலரும் எண்ணினர்.

பணி முடியவில்லை, படங்கள் இருந்தனவே! பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் லூமன் அப்படங்களைப் பொறுமையாக ஆராய்ந்தார். ஒரே இடத்தை ஆறு மாத இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கின்றது என்று தேடுவதே அவர் முறை. அருகில் இருப்பவரே வேகமாக நகர்வதாகத் தோன்றும். இரயில் வண்டியிலிருந்து பார்த்தால் அருகிலுள்ள தந்திக் கம்பம் பாய்ந்தோட, தொலைவிலுள்ள குன்று நிற்பது போலத் தோன்றவில்லையா? இவ்வாறு அவர் முதலில் கண்டது, மூன்றாம் வீட்டிலுள்ள இரட்டையரை. 2013 மார்ச்சில் அச்செய்தி வெளிவந்தது. லூமன் 16 என்றே அதற்குப் பெயர். 1916க்குப் பின் அத்துணை அருகில் ஒரு தொகுதி கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

அதே தேடலில் மற்றொரு புள்ளி அகப்பட்டது. ஸ்பிட்சர் என்னும் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியால் அதைத் தொடர்ந்து பார்த்தனர். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 8 மீட்டர் ஆடி கொண்ட ஜெமினித் தொலைநோக்கியைத் திருப்பியும் பார்த்தனர். அங்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததே ஒரு செய்தியாயிற்று. அத்துணைப் பெரிய ஆடிக்கும் அகப்படவில்லையென்றால், பொருள் மிகமிகக் குளிர்ந்தது என்பதன்றி வேறென்ன?

தொலைவை அளந்த முறை குழந்தைகளும் செய்து பார்க்கத் தக்கது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி ஒரு முறையும், மற்றதை மூடி மறு முறையும் பாருங்கள். பின்னுள்ள சுவருக்கு எதிரே விரல் இடம் பெயர்கின்றதல்லவா? விரலை அருகே கொண்டு வந்தால் பெயர்ச்சி மிகுகின்றது. பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதையின் இரு பக்கங்களே வானநூலாருக்கு இரு கண்கள். அவ்வாறு அளந்ததில் தொலைவு 7.2 ஒளியாண்டு என்று 2014 ஏப்ரலில் அறிவித்தனர். பின்னர் வந்த அளவைகள் அதைச் சுமார் 7.4 என்று திருத்தின. வானத்தில் அது ஆண்டுக்கு 8.1 விகலை நகர்கின்றது. முழு நிலவின் அகலத்தைக் கடக்க 220 ஆண்டுகள் ஆகும். மெதுவாகத் தோன்றினும், ஞாயிற்று மண்டலத்திற்கு வெளியே இதைவிட விரைந்து நகர்வதாக அறியப்பட்டவை இரண்டே: பர்னார்டு விண்மீனும் காப்டெயின் விண்மீனும்.

இதற்கு இட்ட பெயர் வைஸ் 0855-0714. கேட்பதற்கு இனிமையில்லை என்று தாய்மார்கள் முகஞ்சுளிக்கலாம். உண்மையில் அது பெயரே அன்று; முகவரி. வானத்தில் கிழக்கு மேற்காக 8 மணி 55 நிமிடம், தெற்கே 7 பாகை 14 கலை என்பதே அதன் பொருள். நம் வீடுகளைத் தெரு எண்ணாலும் குவார்ட்டர்ஸ் எண்ணாலும் அழைப்பதைப் போன்றது. பெயர் சூட்டிய ஊரிலிருந்து வந்து எண்ணிட்ட வீடுகளில் வாழும் நமக்கு இது புதிதா என்ன?

இனி அதன் வெப்பநிலை. முதலில் கணித்தது சுழியத்திற்குக் கீழே 48 முதல் 13 டிகிரி வரை. அதாவது வடதுருவக் குளிர்! விண்மீன் போலத் தானே பிறந்த ஒன்று பனிக்கட்டியைவிடக் குளிர்ந்திருப்பது எவரும் எதிர்பாராதது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சற்று உயர்த்தி, 285 கெல்வின், நம் கணக்கில் சுமார் 12 டிகிரி என்றது. நம் குடியிருப்பில் தைமாத விடியற்காலையில் பால் வாங்கப் போகும்பொழுது உடலில் படும் குளிர் அவ்வளவுதான். ஞாயிறு போன்ற அடுப்பு ஒன்றும் அருகில் இல்லாமல், தன் பழைய வெப்பத்தின் மிச்சத்தைக் கொண்டே அது இந்த நிலையில் நிற்கின்றது. ஞாயிற்றுக் குடும்பத்திற்கு வெளியே நேரில் காணப்பட்ட பழுப்புக் குறுமீன்களுள் இதைவிடக் குளிர்ந்தது வேறில்லை.

அதன் வளிமண்டலத்தில் நீராவி இருக்கின்றது. இது உறுதி. நீர்மேகங்கள் உண்டா என்பதில்தான் வழக்கு. 2014இல் ஒரு குழுவினர் அதன் ஒளி அளவைக் கொண்டு, மேகங்கள் இருக்கலாம் என்றனர். 2016இல் மற்றொரு குழுவினர் ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினித் தொலைநோக்கியால் பல இரவுகள் நோக்கி, மேகங்களை ஆதரித்தே பேசினர். வெப் தொலைநோக்கி அனுப்பிய நிறமாலையும் மேகங்களை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடவில்லை. மேகம் இருக்கின்றதா என்று அறிய நாம் தலையை உயர்த்தினால் போதும். 70 இலட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அதை அறியப் பத்தாண்டாக முயல்கின்றனர்.

இதைவிடப் பெரிய வழக்கு, இது யார் என்பது. நிறை வியாழனைப் போல் 3 முதல் 10 மடங்கு வரை இருக்கலாம் என்கின்றனர். வயது தெரியாததால் நிறையும் துல்லியமாகத் தெரியவில்லை. ஆறிய பாளத்தைப் பார்த்து, அது பெரிய பாளமாகி நெடுநேரத்திற்கு முன் வந்ததா, சிறிய பாளமாகிச் சற்று முன் வந்ததா என்று சொல்ல முடியாததைப் போல. வியாழனைப் போல் 13 மடங்குக்கு மேற்பட்டவை டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜனையேனும் சிறிது காலம் எரிக்கும். அதையே பழுப்புக் குறுமீனுக்குக் கீழெல்லையாகப் பலர் கொள்வர். இதுவோ அதற்கும் கீழே. அவ்வாறாயின் இது கோளா? கோள் என்றால் எந்த ஞாயிற்றின் கோள்? அது எதையும் சுற்றவில்லையே!

இரு விதமாகச் சொல்லலாம். விண்மீன்களைப் போலத் தனித் திரளாகவே சுருங்கிப் பிறந்திருக்கலாம். அல்லது வேறொரு விண்மீனின் குடும்பத்தில் கோளாகப் பிறந்து, உடன்பிறந்த கோள்களின் இழுவையால் வெளியே தள்ளப்பட்டு அலைந்து வந்திருக்கலாம். எடையைக் கொண்டு வகுப்பதா, பிறப்பைக் கொண்டு வகுப்பதா என்று அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. எடையைத் தராசில் அறியலாம். பிறப்பை எவ்வாறு அறிவது? என்னைக் கேட்டால், எடைக் கட்சிக்கே என் வாக்கு. சொந்த ஊர் எதுவென்று கேட்டு அதைக் கொண்டே ஒருவரை வகுப்பதில் உள்ள இடர்ப்பாட்டை இம்மண்டபத்தில் இருப்பவர்களைவிட அறிந்தவர் யார்?

இப்பொருளை நான் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இருண்ட விண்மீன் ஒன்று நம்மை நோக்கி வருகின்றது, அரசாங்கங்கள் மறைக்கின்றன என்று ஒரு செய்தி ஆண்டுக்கொரு முறையேனும் நம் வீட்டுக் கைபேசிகளுக்கு வந்து சேருகின்றது. 2012ஆம் ஆண்டில் உலகமே இதனால் கலங்கியது. நம் குடியிருப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இச்செய்தியைப் படித்துவிட்டுப் பல இரவுகள் உறங்கவில்லை என்று அவள் தாயார் என்னிடம் வருந்திச் சொன்னார்கள். அச்செய்தியை அனுப்பியவர் மாற்றாரல்லர். அவளுடைய சொந்த மாமாவே. நகைப்புக்காக அனுப்பினாராம்! பெரியோர்கள் என்மீது சினந்தாலும் சரி. உண்மையா என்று விசாரியாமல் அச்சத்தைக் குழந்தைக்குக் கைமாற்றி விடுவது பெருந்தவறு.

அச்சிறுமிக்கு நான் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். இருண்ட பொருள்கள் அருகில் உண்டு என்பது மெய். அது மெய்யாக இருப்பதால்தான் பொய்க்கு வேர் கிடைக்கின்றது. ஆனால் அவற்றைத் தேடாமல் ஒருவரும் வாளாவிருக்கவில்லை. ஞாயிற்றுக்கு இருண்ட துணை ஒன்று இருக்கலாம் என்று 1984இல் அறிஞர்களே ஒரு கருத்தை வெளியிட்டனர். நான்காம் வீட்டாரைக் கண்ட அதே லூமன், அதே வைஸ் படங்களைக் கொண்டு அத்துணையையும் தேடினார். பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் 10,000 மடங்குக்குள் சனி அளவிலும், 26,000 மடங்குக்குள் வியாழன் அளவிலும் மறைந்திருக்கும் பொருள் எதுவும் இல்லை என்று 2014இல் அறிவித்தார். 7.4 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து ஆறிய பாளத்தின் சூட்டைக் கண்ட கருவிக்கு, நம் வாயிலருகே வந்து நிற்பது தெரியாமற்போகுமா? கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவளே ஒரு முறை பெருக்கிப் பார்த்துக்கொண்டாள்.

இத்தகைய விளக்கில்லாத வீடுகள் எத்தனை? நம்மைச் சுற்றி 65 ஒளியாண்டு எல்லைக்குள் நடத்திய குடிக்கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ நான்கு விண்மீன்களுக்கு ஒரு பழுப்புக் குறுமீன் வீதம் உள்ளன. இந்தக் கணக்கெடுப்பில் பட்டம் பெற்ற அறிஞர்கள் மட்டும் ஈடுபடவில்லை. ஒரு படத்தில் மங்கிய புள்ளி நகர்கின்றதா என்று பார்ப்பதில் கணிப்பொறியைவிட மனிதக் கண் பல நேரங்களில் வல்லது. ஆகவே 2017இல் வைஸ் படங்களைப் பொதுமக்கள் கையிலேயே கொடுத்து, கொல்லைப்புற உலகங்கள் என்னும் பொருள்படும் பெயரால் ஒரு முயற்சியைத் தொடங்கினர். பல நாட்டினரும் வீட்டில் அமர்ந்து தேடினர். ஞாயிற்றுக்கு அண்மையில் உள்ள 95 குளிர்ந்த குறுமீன்களை அத்தொண்டர்களின் துணையால் கண்டறிந்ததாக 2020இல் கட்டுரை வெளிவந்தது.

உறங்க வைத்த வைஸ் கருவியை 2013இல் மீண்டும் எழுப்பினர் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைத் தேடும் பணியில் அது மேலும் பதினோராண்டு உழைத்தது. 2024 ஆகஸ்டில் அதை நிறுத்தினர். அதே ஆண்டு நவம்பரில் அது வளிமண்டலத்தில் விழுந்து எரிந்து போயிற்று. படங்கள் எரியவில்லை. அவை எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இருக்கின்றன.

செயலாளர் அவர்களுக்கு இம்மேடையிலேயே ஒரு விண்ணப்பம். நம் சங்க நூலகத்தில் உள்ள கணிப்பொறி, மாலையில் இரண்டு மணி நேரம் சந்தாக் கணக்கு எழுதுவதற்கு மட்டும் பயன்படுகின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவ மாணவியர்க்கு விட்டுக்கொடுத்தால், படங்களைப் பார்க்கும் முறையைக் கற்றுத்தர நான் வருகிறேன். முதலில் வருபவள் யார் என்பது எனக்கு இப்பொழுதே தெரியும்.

வானத்தையே நேரில் காண விரும்புவோருக்கும் வழி சொல்லி முடிக்கிறேன். மார்ச்சுத் திங்கள் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மாடியில் ஏறித் தெற்கு நோக்கி நில்லுங்கள். தலைக்கு மேலிருந்து தெற்கே மூன்றில் ஒரு பங்கு வானம் இறங்கினால், அக்கம்பக்கம் துணையின்றிச் செந்நிறமாக ஒரு விண்மீன் தெரியும். அதற்கு ஆல்பர்டு என்று பெயர். தனித்தவன் என்பது அரபு மொழியில் அதன் பொருள். ஆயிலியத்தைத் தலையாகக் கொண்டு நீளும் பாம்பு மண்டலத்தைச் சேர்ந்தது அது. கையை நீட்டி முட்டியை மடக்கி, அந்த விண்மீனுக்கு மேற்கே பிடியுங்கள். முட்டியின் மறு ஓரத்திற்குச் சற்று உள்ளாக நம் நான்காம் வீடு இருக்கின்றது. அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று யாரேனும் வந்து என்னிடம் முறையிட வேண்டாம்.

குழந்தைகள் பொறுமையாகக் கேட்டார்கள். திரை தயாராகிவிட்டதென்று உள்ளிருந்து சைகை காட்டுகின்றனர்.